பாக்ஸ் வாங்குவதற்கு முன் கோயிலுக்குள் ஒரு தடவை நடந்து பாருங்கள்

இயேசுவுக்கே புகழ், மரியே வாழ்க.

பங்குத்தந்தை அவர்களுக்கும், பங்குப்பேரவைப் பெரியவர்களுக்கும், அன்பியப் (குடும்பக் குழுக்களின்) பொறுப்பாளர்களுக்கும், பாடகர் குழுத் தம்பி தங்கச்சிகளுக்கும் வணக்கம்.

நம் கோயிலுக்குப் புது மைக் செட்டும் இசைக்கருவிகளும் வாங்குவதற்கான விலைப்பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறீர்கள். மூடி மறைக்காமல் ஒட்டியதற்கு முதலில் நன்றி. பேஸ் பாக்ஸ் (அடிச்சத்தத்துக்கு) நான்கு, டாப் (மேல்சத்தத்துக்கு) நான்கு, 32 சேனல் டிஜிட்டல் மிக்சர் (எல்லா மைக்கையும் சேர்த்துக் கூட்டிக் குறைக்கிற பெட்டி), கார்ட்லெஸ் மைக் எட்டு, டிரம் செட், கீபோர்டு, பேஸ் கிட்டார். கூட்டினால் எட்டு லட்சத்தை நெருங்குகிறது. குடும்பத்துக்கு இவ்வளவு என்று வரி போடலாமா என்ற பேச்சும் காதில் விழுந்தது.

நான் இந்தப் பங்கில் ஞானஸ்நானம் வாங்கியவன். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் பக்கம் கல்யாணம், துக்கம், திருவிழா என்று மைக் செட் கட்டிப் பிழைக்கிறவன். எதையும் விற்கிறவன் இல்லை. அதனால் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். இந்தப் பட்டியல் பீடத்துக்குப் பக்கத்தில் நிற்கிற பத்துப் பன்னிரண்டு பேரை நினைத்துப் போட்டது. பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஐந்நூறு பேரை நினைத்துப் போட்டிருந்தால் பாதிக்கும் குறைவான பணத்தில் வேலை முடியும். பிரசங்கமும் புரியும், சனமும் வாய் திறந்து பாடும்.

அந்த ஐந்நூறு பேர் யார் என்று பார்ப்போம். இடப்பக்கம், நடுவுக்குப் பின்னால், நம் ஊர் ஆண்கள். பாதிப் பேர் இருபது முப்பது வருடம் டீசல் எஞ்சினுக்குப் பக்கத்தில் நின்று கடலுக்குப் போனவர்கள். இடைவிடாத இரைச்சல் காதைக் கெடுக்கும்போது எல்லாச் சத்தத்தையும் ஒரே அளவாகக் கெடுப்பதில்லை. 4000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில்தான் முதலில் கை வைக்கும். பேச்சில் மெய்யெழுத்துகளின் கூர்மை பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறது. "சத்தம் கேக்குது தம்பி, என்ன சொல்றாகன்னுதான் விளங்கல" என்று நம் பெரியவர்கள் சொல்வது இதைத்தான். அவர்களுக்கு முன்னால் பேஸ் பாக்ஸ் நான்கைக் கொண்டுவந்து வைத்தால், ஏற்கெனவே நன்றாகக் கேட்கிற அடிச்சத்தம் இன்னும் கூடும். கேட்காதது கேட்காமலேதான் இருக்கும்.

அடுத்தது கட்டடம். பழைய ஓட்டுக் கோயிலை இடித்துவிட்டு உயரமான கான்கிரீட் கூரை போட்டோம், தரைக்கு கிரானைட் போட்டோம், பீடச் சுவருக்கு டைல்ஸ் ஒட்டினோம். பார்க்க அழகுதான். ஆனால் ஒலியை உறிஞ்ச உள்ளே எதுவும் மிச்சமில்லை. ஆள் இல்லாத நேரத்தில் நடுவில் நின்று ஒரு கை தட்டிப் பாருங்கள். மூன்று எண்ணும் வரை அந்தத் தட்டல் சுற்றிக்கொண்டிருக்கும். பேச்சு தெளிவாக விளங்க வேண்டுமானால் அது ஒரு நொடிக்குப் பக்கத்தில் அடங்கிவிட வேண்டும். பூசைக்குச் சனம் நிறைந்தால் உடம்பும் துணியும் கொஞ்சம் உறிஞ்சிக்கொள்ளும். காலை ஆறு மணிப் பூசையில் அதுவும் இல்லை.

இங்கேதான் எல்லோரும் சறுக்குகிறார்கள். வெட்டவெளியில் பாக்ஸிலிருந்து இரண்டு மடங்கு தூரம் போனால் சத்தம் 6 டெசிபல் குறையும். கோயிலுக்குள் அப்படி இல்லை. பாக்ஸிலிருந்து கொஞ்ச தூரம் தள்ளிவிட்டால், நேரே வருகிற ஒலியைவிடச் சுவரிலும் கூரையிலும் பட்டுத் திரும்புகிற ஒலியே அதிகமாகிவிடும். அதற்கு மேல் வால்யூமைக் கூட்டினால் பேச்சு எவ்வளவு கூடுகிறதோ அதே அளவு எதிரொலியும் கூடும். ஆயிரம் வாட் வைத்தாலும் பத்தாயிரம் வாட் வைத்தாலும் கடைசி பெஞ்சில் தெளிவு அதேதான். வாட்ஸைக் காட்டி விலை சொல்கிற எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்லமாட்டார்.

இதற்கு வழி, சத்தத்தை ஆளுக்குப் பக்கத்தில் கொண்டுபோவது. தூண் மாதிரி ஒல்லியாக, உயரமாக இருக்கிற காலம் (column) ஸ்பீக்கர்களைச் சொல்கிறேன். அவை ஒலியைப் பக்கவாட்டில் விரித்து, மேலும் கீழும் குறைவாகவே விடும். கூரைக்குப் போகிறது குறைந்து, தலைகளுக்குப் போகிறது கூடும். பீடத்துக்கு முன் தூண்களில் ஒரு ஜோடி, கோயில் நடுவில் ஒரு ஜோடி, கொஞ்சம் கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டினால் போதும். நடு ஜோடிக்கு டிலே (தாமதம்) கொடுக்க வேண்டும். ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் போகும். 20 மீட்டர் தள்ளி இருக்கிற நடு ஸ்பீக்கர் வரை முன் ஜோடியிலிருந்து ஒலி வந்துசேர 57 மில்லிநொடி ஆகும். அந்த அளவுக்குப் பின் ஸ்பீக்கரைத் தாமதப்படுத்தாவிட்டால், அங்கே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒவ்வொரு சொல்லும் இரண்டு தடவை கேட்கும். டிலே வசதி உள்ள ஒரு சின்னப் பெட்டியின் விலை, பட்டியலில் உள்ள ஒரு பேஸ் பாக்ஸின் விலைகூட இல்லை.

எக்கோ பொத்தானைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் எக்கோ இல்லாவிட்டால் மைக் வேலை செய்யவில்லை என்று நினைக்கிறோம். கட்டடமே மூன்று நொடி எக்கோ போட்டுக்கொண்டிருக்கும்போது மிக்சரிலும் போட்டால் வாசகம் வாசிக்கிற பிள்ளையின் குரல் எங்கே போய் நிற்கும்? பாட்டுக்கு வேண்டுமானால் துளி. வாசகத்துக்கும் பிரசங்கத்துக்கும் சுத்தமாக மூடிவிடுங்கள்.

பேஸ் பாக்ஸ் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் அக்கம்பக்கம். அடிச்சத்தம் சுவரையும் சன்னலையும் மதிக்காது. கோயிலைச் சுற்றி நம்மவர்கள் மட்டும் இல்லை. பள்ளிவாசல் தெருவும் இருக்கிறது, அம்மன் கோயில் தெருவும் இருக்கிறது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகள் எல்லா வீட்டிலும் இருக்கிறார்கள். 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு 10 முதல் காலை 6 வரை வெளியில் ஒலிபெருக்கி கூடாது. வருடத்தில் 15 நாளுக்கு மிகாமல், அரசு அனுமதித்தால், நள்ளிரவு வரை தளர்வு உண்டு. அதைத் திருவிழாவுக்கு வைத்துக்கொள்ளலாம். இதுவரை யாரும் நம் மேல் புகார் கொடுக்கவில்லை என்றால் அது அவர்களுடைய பெருந்தன்மை.

சரி, மைக்குக்கு வருவோம். எட்டு கார்ட்லெஸ் எதற்கு? பாடகர் குழு நின்ற இடத்தை விட்டு நகர்வதே இல்லையே. திறந்திருக்கிற மைக் இரண்டு மடங்காகும்போதெல்லாம், கத்தாமல் வைக்கக்கூடிய சத்தத்தில் 3 டெசிபல் போய்விடும். ஒன்று இரண்டாகி, நான்காகி, எட்டாகும்போது 9 டெசிபல் காலி. அப்புறம் கீ என்று ஊளையிட்டால் ஆபரேட்டர் தம்பியை எல்லோரும் திரும்பிப் பார்க்கிறோம். பன்னிரண்டு பேருக்கு ஒயர் உள்ள மூன்று டைனமிக் மைக் போதும். நாலு நாலு பேராக அரைவட்டத்தில் நிற்கட்டும். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு தூரம் மைக்குக்கு மைக் இருக்கட்டும். பக்கத்தில் நிற்கிறவரின் குரல் காதில் விழுந்தால்தான் சேர்ந்திசை சேரும். ஆளுக்கொரு மைக் கொடுத்தால் ஆளாளுக்குத் தனிப்பாட்டுதான்.

கார்ட்லெஸ் ஒன்றே ஒன்று, ஃபாதருக்கு மட்டும் வாங்குங்கள். அதிலும் 700 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற பழைய சரக்கை யாராவது மலிவாகத் தள்ளிவிடப் பார்த்தால் வாங்காதீர்கள். 2022 ஏலத்தில் அந்த அலைவரிசை செல்போன் கம்பெனிக்குப் போய்விட்டது. டவர் பக்கத்தில் இருந்தால் பிரசங்கத்தின் நடுவே இரைச்சல் வரும். காலரில் குத்துகிற மைக்கைவிட, காதில் மாட்டி வாய்க்கருகே வருகிற ஹெட்செட் மைக் நல்லது. வாய்க்குப் பக்கத்தில் இருந்தால் வால்யூம் குறைவாக வைக்கலாம், கத்தலும் குறையும். மேடைப் பாடகர் மாதிரி இருக்கிறது என்று ஃபாதர் கூச்சப்பட்டால், கடைசி பெஞ்சுக் கிழவிகளை நினைத்துச் சகித்துக்கொள்ள வேண்டுகிறேன். வாசக மேடைக்கு வளையும் கழுத்துள்ள கண்டென்சர் மைக் ஒன்று. அதற்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் போக வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் கண்டென்சர் மைக் சில நாள் பொரியும். பூசை முடிந்ததும் கழற்றி, சிலிகா ஜெல் போட்ட காற்றுப்புகாத டப்பாவில் வைத்தால் வருடக்கணக்கில் உழைக்கும்.

ஷூர் எஸ்.எம்.58 வாங்கலாம் என்று ஒரு தம்பி சொன்னான். நல்ல மைக்தான், 1966லிருந்து வருகிறது. ஆனால் உலகத்தில் அதிகம் போலி போடப்படுகிற மைக்குகளில் அதுவும் ஒன்று. நம்பமுடியாத விலைக்குக் கிடைத்தால் நம்பாதீர்கள். பில்லும் வாரண்டியும் கேளுங்கள்.

இப்போது உப்பு. இதைப் பற்றிப் பட்டியல் போட்டவர் ஒரு வரிகூட எழுதவில்லை. அவர் மதுரைக்காரர், அவர் மேல் குற்றமில்லை. உலோகத்தை உப்புக்காற்று எப்படித் தின்கிறது என்று ஆராய காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வு நிலையம் வைத்திருக்கிற இடம் நம் மண்டபம். 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் 2022 டிசம்பரோடு ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷ பெயிண்டும் தேவைப்பட்டது. பாலத்துக்கே அந்தக் கதி என்றால் மிக்சர் எம்மாத்திரம்?

என் சொந்தச் சாமான்களில் நான் பார்க்கிறது இது: ஃபேன் வைத்த ஆம்ப்தான் (ஒலியைப் பெருக்குகிற பெட்டி) முதலில் போகும். ஃபேன் காற்றோடு உப்பையும் ஈரத்தையும் உள்ளே இழுத்து சர்க்யூட் போர்டில் படியவைக்கும். ஆம்ப் உள்ளேயே இருக்கிற பவர்டு பாக்ஸைக் கடல் பக்கச் சன்னலுக்கு மேலே மாட்டினால் அதை மறந்துவிட வேண்டியதுதான். அதனால் தூணில் மாட்டுவது வெறும் ஸ்பீக்கராக இருக்கட்டும். ஆம்ப் உள்ளறையில் கதவுள்ள அலமாரியில் இருக்கட்டும். ஒயர் நீளமாகும் என்ற கவலைக்கு, ஸ்பீக்கருக்கு உயர்ந்த வோல்ட்டில் அனுப்புகிற 100 வோல்ட் லைன் முறை இருக்கிறது. அகுஜா மாதிரி நம் ஊரில் பழக்கப்பட்ட ஆம்ப்களிலேயே அந்த வசதி உண்டு, தூரம் போனாலும் இழப்பு குறைவு. ஒயர் வாங்கும்போது படகு வயரிங்குக்குப் போடுகிற வெள்ளீயம் பூசிய செம்புக் கம்பியைக் கேளுங்கள். சாதாரணச் செம்பு நம் ஊரில் உள்ளுக்குள்ளேயே பச்சை பிடித்துக் கறுத்துவிடும். பி-38 பின்னும் (கீபோர்டு, கிட்டாரில் குத்துவது) எக்ஸ்.எல்.ஆர் பின்னும் (மைக் ஒயரின் மூன்று முனைப் பின்) தங்கமுலாம் போட்டதாக இருந்தால் செலவு கொஞ்சம் கூடும், கரகரப்பு வெகுநாள் வராது. மூடுதுணி போடுங்கள், ஆனால் சூடு ஆறிய பிறகு.

32 சேனல் டிஜிட்டல் மிக்சரை எதிர்ப்பதும் இதனால்தான். டிஜிட்டல் கெட்டது என்று சொல்லவில்லை. செட்டிங்கைச் சேமித்துப் பூட்டி வைக்கலாம், யாரும் வந்து திருக முடியாது, அது பெரிய நிம்மதி. ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரைக்குத் திரை வெளுத்துப் போனால் சரிபார்க்க ஆள் எங்கிருந்து வருவார்? நமக்குத் தேவை மைக் ஐந்தாறு, கீபோர்டு, ரிதம் பேட் (தட்டினால் தாளம் தருகிற மின்கருவி). 12 சேனல் சாதா மிக்சர் தாராளம். ஒரு சேனல் போனால் பக்கத்துச் சேனலில் குத்திக்கொள்ளலாம்.

கரண்ட் விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஸ்டெபிலைசர் போடுங்கள், எர்த்தை எலெக்ட்ரீசியனை வைத்து அளந்து பாருங்கள். உம்ம்ம் என்று இரைகிறது என்பதற்காக மூன்றாவது பின்னை உடைத்துவிடுகிற பழக்கம் நம் பக்கம் இருக்கிறது. கிட்டார் வாசிக்கிற பிள்ளையின் உதடு மைக்கில் பட்டால் உயிருக்கே ஆபத்து. அந்த இரைச்சலுக்குத்தான் டிஐ பாக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, கீபோர்டுக்கும் மிக்சருக்கும் நடுவில் போட வேண்டியது.

இனி கருவிகள். டிரம் செட் இந்தக் கட்டடத்துக்கு ஆகாது. மைக்கே இல்லாமல் அது எல்லாக் குரலையும் அமுக்கிவிடும், அதை மிஞ்சக் குரலைக் கூட்ட வேண்டும், அதை மிஞ்சக் கீபோர்டைக் கூட்ட வேண்டும். ரிதம் பேட் இருந்தால் வால்யூம் நம் கையில் இருக்கும். தபேலா வாசிக்கத் தெரிந்த பிள்ளை இருந்தால் அதற்கு முதலிடம் கொடுங்கள் என்பேன். வாடைக்காற்று மாதங்களில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும், அடிக்கடி இழுத்துக்கட்ட வேண்டும், அவ்வளவுதான். உள்ளறையில் தூசி படிந்து கிடக்கிற ஆர்மோனியப் பெட்டியையும் யாராவது வெளியே எடுங்களேன். ரீடைத் துடைத்துச் சுருதி சேர்க்க ஆகிற செலவு ஒரு கார்ட்லெஸ் மைக் அளவுக்குக்கூட வராது. 1963 டிசம்பரில் வெளிவந்த இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் திருவழிபாட்டு ஏடு குழல் ஆர்கனைப் பெருமையாகச் சொன்னாலும், வழிபாட்டுக்குப் பொருந்துகிற மற்றக் கருவிகளுக்கும் இடம் கொடுத்தது. மறைபரப்பு நாட்டு மக்களின் சொந்த இசை மரபை மதிக்கவும் சொன்னது. மேற்கத்திய பேண்டு வேண்டாம் என்று நான் சொல்லவரவில்லை. அதுதான் வளர்ச்சி என்ற எண்ணம்தான் வேண்டாம்.

கீபோர்டு அவசியம் வாங்குங்கள். ஆனால் அதில் தானாகத் தாளம் ஓட்டுகிற ஸ்டைல் பொத்தானைக் கொஞ்ச நாளைக்குக் கையால் தொடாதீர்கள். வருகைப் பாட்டுக்கும் நற்கருணைப் பாட்டுக்கும் ஒரே டிஸ்கோ ஓடுகிறது. பெட்டி தன் வேகத்தில் ஓட, பின்னால் பாட்டிமார் மூச்சு வாங்குகிறார்கள். தவக்காலத்தில் பாட்டைத் தாங்குவதற்கு மட்டும்தான் கருவி என்பது திருச்சபை ஒழுங்கு. அந்த நாற்பது நாளில் நம் கோயிலில் இடையிசையும் குறையவில்லை.

அந்தக் கீபோர்டிலேயே சுருதியை ஏற்றி இறக்குகிற டிரான்ஸ்போஸ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. தம்பி தங்கச்சிகளே, அதைத்தான் உங்களிடம் கேட்கிறேன். 'சி' ஒரு கட்டை, 'டி' இரண்டு, 'ஜி' ஐந்து கட்டை என்பது உங்களுக்குத் தெரியும். முன்னால் பாடுகிற தங்கச்சிகளுக்கு ஐந்து கட்டை சுகம். அதில் எடுத்தால் சரணத்தில் மேல்ஸ்தாயிக்கு ஏறும்போது பெஞ்சில் இருக்கிற பெண்கள் பாதிப் பேர் நிறுத்திவிடுகிறார்கள். ஆண்கள் மேலேயும் போக முடியாமல் கீழேயும் எட்டாமல் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பாட்டின் உச்சமான சுரம் மேல் 'டி'யைத் தாண்டாதபடி இறக்கி எடுத்துப் பாருங்கள். உங்கள் குரலின் பளபளப்பு கொஞ்சம் குறையும். கோயில் பாடும். சனம் பாடுவதில்லை, காலம் மாறிவிட்டது என்று பேரவையில் பேசினார்களாம். காலம் மாறவில்லை, கட்டை ஏறிவிட்டது.

இந்தக் கரைக்கு மைக் இல்லாமல்தான் பாட்டு வந்தது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த சவேரியார் தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டி, தமிழில் ஜெபங்களைச் சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்ல வைத்தார். முன்னால் ஒருவர் சொல்ல, பின்னால் எல்லோரும் வாங்கிச் சொல்கிற முறை நம் ரத்தத்தில் இருக்கிறது. மாதா பிரார்த்தனை சொல்லும்போது யாருக்கும் புத்தகம் வேண்டியிருக்கிறதா? பல்லவியைக் கூட்டம் வாங்கிப் பாடுகிற மாதிரிப் பாட்டுகளாக எடுங்கள். அந்தப் பல்லவியின்போது மைக்கை விட்டு ஒரு எட்டுப் பின்னால் நில்லுங்கள், கீபோர்டும் தணியட்டும். சனம் தன் சத்தத்தைத் தானே கேட்டால்தான் அடுத்த அடியைத் தைரியமாகப் பாடும்.

கொடியேற்றம், நவநாள், தேர்பவனி எல்லாம் வெளியில் நடப்பவை. அதற்குப் பெரிய பாக்ஸ் வேண்டும்தான். வருடத்தில் பத்து நாளுக்கு வேண்டியதை எதற்குச் சொந்தமாக வாங்கி மீதி நாள் முழுக்க உப்புக்குத் தின்னக் கொடுப்பது? வாடகைக்கு எடுங்கள். சொந்த லாபத்துக்குச் சொல்கிறான் என்று யாராவது நினைக்கலாம். அந்த வாடகையை நான் எடுக்கமாட்டேன், பக்கத்து ஊர்க்காரரிடமே கொடுங்கள். வெளியில் கட்டும்போது காற்றுக்கு எதிராகப் பாக்ஸைத் திருப்பாதீர்கள் என்று மட்டும் அவரிடம் சொல்லுங்கள். காற்றை எதிர்த்துப் போகிற ஒலி மேலே வளைந்து போய்விடும், காற்றோடு போவது தாழ்ந்து சனத்துக்கு வரும். கச்சான் காற்று அடிக்கிற மாதம் இது நன்றாகத் தெரியும்.

வரி விஷயமும் சொல்ல வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். விசைப்படகு வீடுகளில் அந்த இரண்டு மாதம் எப்படிப் போகிறது என்று அன்பியப் பொறுப்பாளர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மாதத்திலும் அதை ஒட்டியும் வரி கேட்காதீர்கள். திட்டத்தைச் சுருக்கினால் வரியே தேவைப்படாமல் போகலாம். தடைக்காலத்தில் பணம் இருக்காது, ஆனால் ஆள் இருப்பார்கள். பாட்டுப் பயிற்சியை அந்த இரண்டு மாதத்தில் வையுங்கள், பெஞ்சில் உட்கார்கிற ஆண்களையும் கூப்பிடுங்கள். மிக்சர் பழகுவதற்கு இரண்டு பிள்ளைகளைத் தேர்ந்தெடுங்கள், ஒன்று பெண்பிள்ளையாக இருக்கட்டும். பையன்கள் பிளஸ் டூ முடித்ததும் வெளியூருக்கோ கடலுக்கோ போய்விடுகிறார்கள். நான் சொல்லித் தருகிறேன், அதற்குக் கட்டணம் இல்லை.

பேரவையிடம் கேட்பது ஒன்றுதான். விலைப்பட்டியலில் கையெழுத்துப் போடுவதை இரண்டு ஞாயிறு தள்ளிவையுங்கள். என்னிடம் காலம் ஸ்பீக்கர் நான்கு இருக்கிறது. வருகிற சனிக்கிழமை சாயங்காலம் ஜெபமாலை முடிந்ததும் தூண்களில் தற்காலிகமாகக் கட்டிவிடுகிறேன். முதல் ஞாயிறு அதில் பூசை நடக்கட்டும். இரண்டாம் ஞாயிறு, பட்டியல் போட்ட கடைக்காரரை அவருடைய பாக்ஸைக் கொண்டுவந்து வைக்கச் சொல்லுங்கள். இரண்டு நாளும் பேரவை உறுப்பினர்கள் முன் பெஞ்சை விட்டுவிட்டு, கடைசித் தூணுக்குப் பின்னால் கிழவிகளோடு உட்காருங்கள். உபதேசியார் வாசகம் முடிந்ததும் பக்கத்தில் இருக்கிறவரிடம் என்ன வாசித்தார் என்று கேளுங்கள். அவர் சொல்கிற பதிலை வைத்து முடிவெடுங்கள். கடைக்காரருடைய பாக்ஸில்தான் நன்றாக விளங்கியது என்று அந்தக் கிழவிகள் சொன்னால், அதை ஏற்றி இறக்க நானே வருகிறேன்.

இப்படிக்கு,
பங்கு மக்களில் ஒருவன்,
மைக் செட்காரன்